வீட்டுத் திரையில் ஒரு விமானம்

சீவக சிந்தாமணி கற்ற மாணவர் எவரும் மயிற்பொறியை மறந்திருக்க மாட்டார். தனக்கு வரவிருந்த கேட்டை முன்னுணர்ந்த சச்சந்தன் என்னும் மன்னன், கைதேர்ந்த கம்மியன் ஒருவனைக் கொண்டு மயில் வடிவிலே ஒரு வானவூர்தி செய்வித்தான். செய்வித்ததோடு நின்றானா? கருவுற்றிருந்த தன் தேவி விசயைக்கு அதனை ஓட்டவும் பழக்கினான். பொறியை வலப்புறம் திருகினால் மயில் மேலெழும். இடப்புறம் திருகினால் இறங்கித் தரையிலே காலூன்றும். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த நாளிலே விசயை அப்பொறியேறித் தப்பினாள். திருத்தக்கதேவர் காலத்திலே இந்நாட்டவரிடம் விமானம் இருந்ததா, இல்லையா என்று வாதிடுவோர் வாதிடட்டும். எம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஊர்தியைச் செய்வித்தவன் பழகாத கையிலே அதனை ஒப்படைக்கவில்லை. முதலில் பழக்கம், பின்னரே பறப்பு என்னும் முறை அக்காப்பியத்திலேயே இருக்கின்றது.

ஆனால் விண்ணிலே பழகுவது எங்ஙனம்? நீந்தப் பழகுவோன் தண்ணீர் குடித்துப் பிழைக்கலாம். சைக்கிள் பழகுவோன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழலாம். விமானம் பழகுவோனுக்கு அத்தகைய சலுகை இல்லை. இந்த இடரைத் தீர்க்க வழி கண்டவர் ஓர் இசைக்கருவித் தொழிலாளி என்றால் வாசகர்கள் வியப்பர். அமெரிக்காவில், நியூ யோர்க் மாநிலத்துப் பிங்ஹாம்ரன் நகரிலே, எட்வின் லிங்க் என்பவரின் தந்தையார் தேவாலயங்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் ஓர்கன் வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலை நடத்தி வந்தார். ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையும் குழாய்களையும் கொண்டே, தரையை விட்டு அகலாமல் சாய்ந்தும் திரும்பியும் ஆடக்கூடிய ஒரு சிறு விமானக் கூண்டை லிங்க் 1929 அளவில் அமைத்தார். முதலில் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. கண்காட்சிகளிலே சிறுவர் ஏறி விளையாடும் பொருளாகவே அது கிடந்தது. 1934ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ விமானிகள் தபாற்பைகளைச் சுமந்துகொண்டு, பனியிலும் இருளிலும் பறக்கப் பழகாத காரணத்தால் ஒருவர் பின் ஒருவராக மடிந்தனர். அதன் பின்னரே இராணுவத்தார் லிங்கின் வீட்டுக் கதவைத் தட்டினர். முதலில் வாங்கியவை ஆறு. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இலட்சக்கணக்கான விமானிகள் அந்த நீல நிறப் பெட்டிக்குள் அமர்ந்து பழகிவிட்டனர்.

அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைதான் இன்று கண்டி மாநகரத்து வீடுகளிலே, கணினித் திரையில் வந்து அமர்ந்திருக்கின்றது. பிள்ளைகள் அதனைச் 'சிமியுலேற்றர்' என்பர். நாம் பறப்புப் பாவனைப் பொறி என்போம். பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு விசைப்பிடியைக் கையிலே பற்றிக்கொண்டு, "கட்டுநாயக்காவிலிருந்து புறப்படுகிறோம், பெல்ற்றைக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று தன் தங்கைக்கு அறிவிப்பதை நாம் பல வீடுகளிற் கண்டிருக்கின்றோம். இது வெறும் விளையாட்டா, அல்லது வித்தையா என்று பெற்றோர் எம்மிடம் வினவுவதும் உண்டு. விடை ஒரு வகையில் எந்த விமானத்தை ஓட்டுகின்றார்கள் என்பதைப் பொறுத்தது. அதனை விளக்கவே இக்கட்டுரை.

இப்பொறியின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலினோய் பல்கலைக்கழகத்தில் 1975ஆம் ஆண்டு புரூஸ் ஆர்ட்விக் என்னும் மாணவர், பறப்பின் தோற்றத்தைக் கணினித் திரையிலே வரைந்து காட்டலாம் என்று ஓர் ஆய்வுரை எழுதினார். சில ஆண்டுகளில் அப்பிள் கணினிக்கு அவர் செய்த நிரலிலே உலகம் என்பது ஒருசில கோடுகள் மாத்திரமே. 1982ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனைத் தனதாக்கி வெளியிட்டது. அந்நாள் தொட்டு நெடுங்காலம், பொறியைத் திறந்ததும் விமானம் நிற்கும் இடம் சிக்காகோ ஏரிக்கரையிலிருந்த மீக்ஸ் என்னும் சிறு நிலையமாகவே இருந்தது. உண்மையான மீக்ஸ் ஓடுபாதையை 2003 மார்ச் மாத இறுதியில், ஓர் இரவிலே, நகர முதல்வரின் கட்டளைப்படி இயந்திரங்கள் வந்து கிண்டிப் பிளந்துவிட்டன. சிக்காகோவையே கண்டிராத எத்தனையோ பேர் உலகெங்கும் அதற்காக வருந்தினர். திரையிலே ஆயிரம் முறை இறங்கிய தரை அவர்களுக்குச் சொந்த ஊர் முற்றம் போலாகிவிட்டிருந்தது.

2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் வெளிவந்த புதிய பதிப்போடு நிலைமை முற்றாக மாறியது. செய்மதிப் படங்களையும் வானிலிருந்து பிடித்த படங்களையும் கொண்டு பூமி முழுவதையுமே அதனுள் அடைத்துவிட்டார்கள். நம் கண்டியும் அதிலே உண்டு. வாவியும், அதன் கரையிலே தலதா மாளிகை அமைந்த இடமும், பேராதனைப் பூங்காவை மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்தோடும் அழகும் அப்படியே தெரிகின்றன. கட்டடங்களை மாத்திரம் முழுதாக நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான ஊர்களிலே கட்டடங்களை எழுப்புவது மனிதரல்லர். படத்தையும் வரைபடத்தையும் பார்த்துக் கணினி தானே ஊகித்து எழுப்புகின்றது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரப் புறத்திலே இரண்டு மாடி என்று பதிய வேண்டிய ஒரு வீட்டுக்கு யாரோ 212 மாடி என்று பொது வரைபடத்திற் பதிந்துவிட, பொறியும் அதனை நம்பி வானளாவிய ஒரு தூணை அங்கே நாட்டிவிட்டது! ஊர் சிரித்தது. ஆயினும் மலைகள் அப்படியல்ல. அவற்றின் உயரம் அளந்து பெறப்பட்டது. எமக்கு வேண்டியதும் மலைகளே.

மலைக்கு நடுவே ஒரு வட்டம்

எந்த விமானம் உமக்குப் பிடிக்கும் என்று வகுப்பிலே ஒருநாள் கேட்டோம். பத்தில் ஏழு பிள்ளைகள் பெரிய ஜெற் விமானங்களின் பெயர்களையே சொன்னார்கள். எயார்பஸ், போயிங், அதற்கு மேலே இரட்டை மாடி எயார்பஸ். குற்றமில்லை. பெரியதை விரும்புவது இளமையின் இயல்பு. திருவிழாவிலே சப்பறத்தைப் பார்க்க ஓடுபவன் சிறு விளக்கைப் பார்க்க நிற்பானா? ஆனால் அந்தப் பெரிய விமானத்திலே என்ன செய்தீர் என்று கேட்டால், "தானியங்கியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்" என்று ஒரு பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். ஜெற் விமானத்தின் நற்குணமே அதுதான்: அது தானே போகும். பழகுபவனுக்கு அதைவிடப் பெரிய குறை வேறில்லை.

மேலும் கண்டிக்கு மேலே அவ்விமானத்தை ஓட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை விளங்கும். விமானம் திரும்புவது மோட்டார் வண்டி திரும்புவது போலன்று. ஒரு பக்கம் சரிந்து, வட்டமாகவே திரும்ப வேண்டும். அந்த வட்டத்தின் அளவை வேகமே நிர்ணயிக்கின்றது. வேகம் இரு மடங்கானால் வட்டத்தின் ஆரை நான்கு மடங்காகும். முப்பது பாகை சரிவிலே, மணிக்கு 165 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் சிறு விமானம் ஏறக்குறைய 370 மீற்றர் ஆரையுடைய வட்டத்திலே திரும்பிவிடும். மணிக்கு 260 கிலோமீற்றரில் செல்வதற்கு 920 மீற்றர் வேண்டும். மணிக்கு 460 கிலோமீற்றரில் தாழப் பறக்கும் ஜெற்றுக்கோ 2,900 மீற்றர். அதாவது வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர். ஒரு பக்கம் ஹந்தானை மலைத்தொடர், மறுபக்கம் பஹிரவகந்தையும் அதற்கப்பால் கட்டுகஸ்தோட்டை மலைகளுமாகச் சூழ்ந்த இந்தக் கிண்ணத்துக்குள் ஆறு கிலோமீற்றர் வட்டத்தை எங்கே போடுவது? கிண்ணத்தின் விளிம்பிலேதான் போட வேண்டும். விளிம்பு எதனால் ஆனது என்பதைத் திரை சிவந்த பின்னர் மாணவன் அறிவான். பௌதிக வகுப்பிலே வட்ட இயக்கச் சமன்பாட்டை எத்தனை முறை எழுதிப் போட்டாலும் ஏறாதது, இந்த ஒரு திருப்பத்தில் ஏறிவிடுகின்றது.

இங்கே விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் யாத்திரிகர் 182 பேரோடு ஒல்லாந்து நாட்டு மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டீ.சி. 8 விமானம் ஒன்று கட்டுநாயக்காவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வந்துகொண்டிருந்தது. பணியாளர் ஒன்பது பேர். விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாகவே விமானிகள் எண்ணினர். உண்மையில் இன்னும் ஏறக்குறைய 75 கிலோமீற்றர் இருந்தது. நம் மலைநாட்டுக்கு மேலே இருக்கையிலேயே அவர்கள் கீழே இறங்கத் தொடங்கிவிட்டனர். மஸ்கெலியாப் பகுதியிலே சப்த கன்னியர் மலை என்று பெயர் பெற்ற மலைத்தொடரிலே விமானம் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானத்திற் கோளாறு இல்லை, புயலும் இல்லை. தாம் எங்கே இருக்கின்றோம் என்பது தெரியாததே அவர்களது கதை. இந்நாட்டிலே நடந்த விமான விபத்துகளிற் பெருந்தொகை உயிர் கொண்டது இதுவே. மலையகத்திலே பிறந்த பிள்ளை திரையிலே விமானம் ஓட்டப் பழகுமானால், முதலிலே கற்க வேண்டியது வேகமன்று. தான் எந்த மலைக்கு எந்தப் பக்கம் நிற்கின்றது என்பதே.

அதற்கு ஏற்ற விமானம் எது? எம் விடை செஸ்னா 172.

உயர்ந்த சிறகு

பார்வைக்கு அழகி அல்லள். நான்கு பேர் நெருக்கிக்கொண்டு அமரும் கூண்டு, முன்னே ஒற்றை விசிறி, மூன்று சில்லுகள், கூரைக்கு மேலே ஒரு நீண்ட சிறகு. ஆனால் 1955 யூன் மாதத்திலே முதன் முதற் பறந்த இவ்வகை விமானம் இன்று வரை 44,000க்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்டிருக்கின்றது. உலகில் வேறெந்த விமானமும் இத்தொகையை எட்டவில்லை. உலகத்து விமானிகளிற் பெரும் பங்கினர் தம் முதற் பாடத்தைக் கற்றது இவ்வகை விமானத்திலேதான் என்றால் மிகையாகாது.

இதன் பொறுமைக்கு ஒரு சான்று சொல்வோம். 1958 டிசெம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலிருந்து ரொபர்ட் ரிம், ஜோன் குக் என்னும் இருவர் ஒரு செஸ்னா 172இலே கிளம்பினர். தரையைத் தொடாமலே, பாலைவனச் சாலையில் ஓடும் பாரவண்டியிலிருந்து குழாய் வழியாகப் பெற்றோலும், கயிற்றிலே கட்டி உணவும் வாங்கிக்கொண்டு, 64 நாட்களும் 22 மணி நேரமும் விண்ணிலேயே வாழ்ந்தனர். இடையிலே பல கருவிகள் பழுதாகின. இயந்திரம் மாத்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் துணிச்சலுக்கு இன்னொரு சான்று: 1987 மே மாதம், பத்தொன்பது வயதும் நிரம்பாத மத்தியாஸ் ருஸ்ட் என்னும் ஜேர்மானிய இளைஞர், ஹெல்சிங்கியிலிருந்து இதே வகை விமானமொன்றை ஓட்டி, சோவியத் நாட்டின் காவலையெல்லாம் கடந்து, மொஸ்கோவில் செஞ்சதுக்கத்தின் ஓரத்திலே கொண்டுபோய் இறக்கினார். சிறைக்குப் போனார். இதனை மாணவர்கள் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்!

எமக்கு இவ்விமானத்திற் பிடித்தது அந்த உயர்ந்த சிறகே. தாழ்சிறகு விமானத்திலே யன்னல் வழி பார்த்தால் சிறகு தெரியும். இதிலே ஊர் தெரியும். தேயிலைத் தோட்டத்து நிரைகள் சீப்பு வாரியது போலத் தெரியும். லயன் வரிசைகளின் தகரக் கூரைகள், தொழிற்சாலையின் நெடுங்கட்டடம், வளைந்து வளைந்து ஏறும் ரயில் பாதை, எல்லாம் தெரியும். தோட்டத்திலிருந்து எம்மிடம் படிக்க வரும் ஒரு மாணவன், புசல்லாவைப் பக்கத்திலே தன் வீடிருக்கும் மலையைத் திரையில் முதன் முதல் மேலிருந்து கண்டபோது, "சேர், எங்க தோட்டம் இவ்வளவு சின்னதா?" என்று கேட்டான். நடந்து பள்ளிக்கு வருபவனுக்கு அது சிறியதாக ஒருநாளும் தோன்றியதில்லை.

இரத்மலானையிலிருந்து கண்டிக்கு இவ்விமானத்தை ஓட்டுவதே மாணவர்க்கு நாம் சொல்லும் முதற் பயணம். நேர்கோட்டிலே நூறு கிலோமீற்றர் கூட இல்லை. தெருவழியே மூன்று நான்கு மணி நேரம் தின்னும் தூரத்தை அரை மணியிலே கடக்கலாம். திசை ஏறக்குறைய வடகிழக்கு. புறப்பட்ட சிறிது நேரத்திலே களனி கங்கையைக் கடக்க வேண்டும். நிமிடத்துக்கு 700 அடி அளவிலேயே இதனால் ஏற முடியும் என்பதால், 4,500 அடிக்கு ஏறுவதற்குள் ஏழெட்டு நிமிடம் ஓடிவிடும். உயரம் கூடக் கூட ஏறும் வேகமும் குறையும். ஆதலால் மலை தெரிந்த பின்னர் ஏறுவோம் என்றிருக்கலாகாது. முக்கால்வாசித் தூரத்திலே பத்தலேகல என்னும் தட்டையான தலையுடைய பெரும்பாறை நேர் முன்னே நிற்கும். அடுத்து இடப்புறம் கடுகண்ணாவைக் கணவாய். 1867ஆம் ஆண்டு கண்டிக்கு வந்து சேர்ந்த ரயில் பாதை எத்தனை சிரமப்பட்டு அந்தச் சரிவிலே ஏறியது என்பதை மேலிருந்து பார்த்தால்தான் விளங்கும். பிறகு பேராதனையில் மகாவலியைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

வந்து சேர்ந்தாயிற்று, இறங்குவது எங்கே? கண்டிக்கு விமான ஓடுபாதை இல்லை. ஒரு மாணவன் போகம்பரை மைதானத்திலே இறங்கிக் காட்டுகின்றேன் என்று வீரம் பேசினான். கைந்நூலை எடுத்துக் காட்டினோம். கடல் மட்டத்திலே, காற்றில்லாத நல்ல பாதையில், புதிய வகை செஸ்னா 172 தரை தொட்ட பின் ஓடி நிற்க ஏறக்குறைய 175 மீற்றர் வேண்டும். ஐம்பது அடி உயரத் தடையொன்றைத் தாண்டி இறங்குவதானால் 400 மீற்றருக்கு மேல். உதைபந்தாட்டத் திடலின் நீளமோ நூறு மீற்றரளவு. கண்டி கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவு உயர்ந்திருப்பதால் காற்று இலேசு. ஓட்டம் இன்னும் நீளும். பையன் விடவில்லை. பதினொரு முறை மதிலிலே மோதி, பன்னிரண்டாம் முறை எப்படியோ நிறுத்திவிட்டான். "சரி, இனி எழும்பு" என்றோம். எழும்புவதற்கு 290 மீற்றர் வேண்டும் என்ற கணக்கு அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. விமானம் அங்கேயே நின்றது.

சீத்தாதேவியின் வழியிலே

செஸ்னா எம் அறிவுக்கு இசைந்தது என்றால், மனத்துக்கு இசைந்தது டக்கோட்டா. டீ.சி. 3 என்பது அதன் தொழிற்சாலைப் பெயர். ரைட் சகோதரர் முதன் முதற் பறந்த நாளின் முப்பத்திரண்டாம் ஆண்டு நிறைவிலே, 1935 டிசெம்பர் 17ஆம் திகதி, அது முதன் முதல் எழுந்தது. போர்க்காலத்து வகைகளையும் சேர்த்தால் பதினாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டன. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவிலே கொண்டுவந்து அமைத்தபோது, பர்மாக் காடுகளிலே போரிட்ட படைகளுக்குச் சோறும் மருந்தும் வானிலிருந்து போட்டது பெரும்பாலும் இந்த டக்கோட்டாவே.

இலங்கை வானத்துக்கும் தமிழகத்துக்கும் உள்ள உறவு அதற்கு முற்பட்டது. 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாற்பையோடு தாமே ஓட்டிச் சென்ற பஸ் மொத் என்னும் சிறு விமானம், அங்கிருந்து நெவில் வின்சென்ற் என்பவர் கையிலே சென்னைக்கு வந்து சேர்ந்தது. மூன்று ஆண்டுகளின் பின், 1935 நவம்பர் 27ஆம் திகதி, இரத்மலானையில் முதன் முதல் இறங்கியதும் ஒரு பஸ் மொத் தான். ஓட்டி வந்தவர் சென்னைப் பறப்புக் கழகத்துத் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ. பின்னர் 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை தொடங்கிற்று. இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அங்கிருந்து சென்னை. விமானம் டக்கோட்டா. பெயர் சீத்தாதேவி! இராவணன் புட்பக விமானத்திலே இலங்கைக்குக் கொண்டு வந்தவளின் பெயரை, இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் போகும் முதல் விமானத்துக்குச் சூட்டியவரின் நகைச்சுவை உணர்ச்சியை நாம் பெரிதும் மெச்சுகின்றோம். அவளுக்குத் துணையாக விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று இன்னும் இரண்டு டக்கோட்டாக்கள் இருந்தன. டக்கோட்டா ஒன்றை இரத்மலானை விமானப்படை நூதனசாலையில் இன்றும் காணலாம்.

திரையிலே இவ்விமானம் முரட்டுக் குதிரை. மூக்கிலே சில்லு இல்லை, வாலிலே உண்டு. ஆதலால் தரையில் நிற்கையில் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஓட்டுபவனுக்கு முன்னே உள்ள பாதை தெரியாது. பாரத்தின் மையம் பெருஞ்சில்லுகளுக்குப் பின்னே இருப்பதால், ஓடும்போது சற்றே கோணினாலும் வால் முன்னே வர முயலும். கால் மிதிகளை ஓயாமல் ஆட்டிக்கொண்டே நேராக்க வேண்டும். செஸ்னாவில் மிதிகளை மறந்து ஓட்டிய பிள்ளை இங்கே ஐந்து வினாடியிலே பிடிபட்டுவிடும். 1,200 குதிரைவலுவுள்ள இயந்திரங்கள் இரண்டு. அவற்றின் ஒலியைத் திரைப்பொறியிலே கேட்பதே ஓர் இன்பம்.

எம் அயல் வீட்டிலே உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கின்றாள். அவளது அம்மப்பா யாழ்ப்பாணத்திலே பிறந்து, கண்டியிலே அரசாங்க உத்தியோகம் பார்த்து, இங்கேயே தங்கிவிட்டவர். இளமையிலே இரத்மலானையிலிருந்து ஊருக்கு டக்கோட்டாவிற் போனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி அவரைத் திரைக்கு முன்னே இருத்தி, அதே வழியைத் தொடங்கினாள். நாமும் உடனிருந்தோம். தூரம் ஏறக்குறைய 330 கிலோமீற்றர். மணிக்கு 260 கிலோமீற்றர் வேகத்திலே ஒன்றேகால் மணி நேரம். விமானம் தரையில் நின்ற கோணத்தைக் கண்டதும் கிழவர் சிரித்தார். "ஏறினால் மலை ஏறுற மாதிரித்தான் பிள்ளை, சீற்றைப் பிடிச்சுப் பிடிச்சு மேலை போகவேணும்" என்றார். புத்தளத்துக் கடனீரேரி, வில்பத்துக் காடு, மன்னார்க் கரை. அவ்விடத்திலே அவர் பேசவில்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானம் அந்தக் கடலிலே சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர் என்பதை அவ்வழியே அறிந்தவர் எவரும் பேசாமலே கடப்பர். பேத்தி திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பூநகரியைத் தாண்டி யாழ்ப்பாணக் கடனீரேரி வெள்ளித் தகடு போல விரிந்ததும் அவர் முன்னே சாய்ந்து, "இனி மெதுவா விடு, காத்து இடப்பக்கத்தாலை அடிக்கும்" என்றார். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் பயணியாக அமர்ந்து போனவருக்குக் காற்றின் திசை நினைவிருந்தது!

பலாலியிலே அவள் இறங்கியது அழகான இறக்கமன்று. இருமுறை துள்ளி, ஒருமுறை கோணி, புல்லிலே ஒரு சில்லைப் பதித்து நின்றாள். உண்மை உலகிலும் அந்தப் பாதை துள்ளியும் கோணியுமே மீண்டது. யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக 2019 அக்டோபரிலே அது திறக்கப்பட்டு, நவம்பரிலே சென்னையிலிருந்து விமானம் வந்தது. அடுத்த மார்ச்சிலே நோய்த்தொற்றால் நின்றது. 2022 டிசெம்பரிலே மீண்டும் தொடங்கிற்று.

கண்டியாருக்கு மூன்றாவதாக ஒரு விமானத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஓடுபாதை இல்லாத ஊருக்கு நீரே ஓடுபாதை. 1976இலே திறக்கப்பட்ட பொல்கொல்லை அணைக்கட்டின் நீர்ப்பரப்பிலே மெய்யாகவே நீர்விமானங்கள் வந்திறங்கியிருக்கின்றன. செஸ்னா கரவன் என்னும் பெரிய அக்காளுக்கு மிதவைகள் பூட்டிய வகை அதற்குப் பொருத்தம். விக்டோரியா நீர்த்தேக்கமும் உண்டு. 1985இலே திறக்கப்பட்ட அதன் அணை 122 மீற்றர் உயரம். அலையற்ற நீர் கண்ணாடி போலிருக்கையில் தான் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றோம் என்பதே விமானிக்குத் தெரியாது என்பதை மாத்திரம் நினைவிற் கொள்ளவேண்டும்.

இனிப் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருவோம். புதிய பதிப்புகளுக்கு வலிய கணினியும் விரைந்த இணையமும் தேவை. அது எல்லா வீட்டுக்கும் இயலாது. அதற்காக மனம் சோர வேண்டியதில்லை. 1997 முதல் தன்னார்வலர் பலர் கூடிச் செய்துவரும் பிளைட் கியர் என்னும் நிரல் முற்றும் இலவசம். பழைய கணினியிலும் ஒருவாறு ஓடும். எம் செஸ்னா 172 அதிலே உண்டு. மின்சாரத்தைப் பற்றிச் சொல்வதானால், 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், எம் மாணவர் பலரது விமானங்கள் நடு வானத்திலேயே மறைந்தன. ஒருவன் அப்போது மெழுகுவர்த்தி வெளிச்சத்திலே வரைபடத்தை விரித்து, மலைகளின் உயரங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். பிதுருதலாகல 2,524 மீற்றர். நக்கிள்ஸ் தொடரின் கொம்பானிய 1,906 மீற்றர். மின்சாரம் வந்தபோது அவனே எல்லாரிலும் நன்றாக ஓட்டினான்.

திரையிலே ஓட்டிய மணி நேரம் விமானி அனுமதிப்பத்திரத்துக்குக் கணக்காகாது. உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதிப்படி, தனியார் விமானிக்குப் பதினேழு வயதும், பொதுவாகக் குறைந்தது நாற்பது மணி நேரப் பறப்பும் வேண்டும். அந்த மணிகள் விலை உயர்ந்தவை. தோட்டத்துப் பிள்ளையின் தகப்பனாருக்கு இதனை நாம் மறைக்கவில்லை. புசல்லாவை மாணவன் விமானியாவான் என்று நாம் வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனால் திசைகோணம், காற்றின் விசை, முக்கோண கணிதம் என்று அவன் முன்பு வெறுத்தவை யாவும் இப்பொழுது அவன் கொப்பியிலே விமானத்தின் பெயரோடு இருக்கின்றன. விமானத்தைப் பழுது பார்க்கும் பொறியியலும், வானிலை நோக்கும் தொழிலும், விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டறை உத்தியோகமும் உண்டு என்பதை அவன் கேள்விப்பட்டதும் இதன் பின்னரே. பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் விசைப்பிடியை அலுமாரியிலே வைத்துப் பூட்டிவிடுமாறு தகப்பனாரிடம் சொன்னோம். "நான் பூட்டத் தேவையில்லை, ஐயா, சாவியை அவனே கொண்டுவந்து குடுத்திட்டான்" என்றார்.

அயல் வீட்டு மாணவியோ பலாலியோடு நிற்பதாயில்லை. அங்கிருந்து சென்னைக்கு இன்னும் 355 கிலோமீற்றர், பெரும்பகுதி கடல். கடலுக்கு மேலே அடையாளம் சொல்ல மலையும் இல்லை, ஆறும் இல்லை. திசைகாட்டியும் கடிகாரமுமே துணை. வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் சீத்தாதேவி புறப்படுகின்றாள். அம்மப்பா தம் பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து வைத்திருக்கின்றார்.